ஆத்தாளும் டாக்டரும் ஒரே கட்சி

நோயாளியைப் பார்த்துக்கொள்வது கஷ்டம் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த நோயாளி என் வீட்டுக்காரராக இருந்தால் எவ்வளவு கஷ்டம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தயாராகவாவது இருந்திருப்பேன்.

அப்போது நாங்கள் மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் குடியிருந்தோம். பலகை வீடு, தகரக் கூரை. வேலிக்கு அந்தப் பக்கம் கம்போங் செட்டி, எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே கலந்துபோன செட்டிகளின் குடியிருப்பு. என் வீட்டுக்காரர் மலாக்காவிலிருந்து மூவாருக்குப் போகும் பஸ்ஸை ஓட்டினார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அவரும் நானும்தான். அவர் பேசுவார், நான் திட்டுவேன். அப்படித்தான் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியிருந்தது, இரண்டு பேருக்கும் அது பிடித்தும் இருந்தது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் அவருடைய கால்சட்டை இடுப்பில் ஏறாமல் போனது. கையும் காலும் மெலிகிறது, வயிறு மட்டும் இடது பக்கமாக முட்டிக்கொண்டு நிற்கிறது. ராத்திரியில் வேர்த்து ஊற்றித் தலையணை நனைகிறது. "என்னங்க இது?" என்று கேட்டால், "உன் சமையல்தான், வேற என்ன" என்கிறார். சமையல் என்றால் வயிறு நடுவில்தானே வரும், ஒரு பக்கமாக எப்படி வரும்? இதைக் கேட்டுக் கேட்டு என் வாய் வலித்துப்போனது. கடைசியில் ஒரு நாள் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனவர் பாதி வழியில் ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கண்டக்டர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். மறுநாள் காலையில் பெச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ரத்தம் எடுத்தார்கள். திரும்பவும் எடுத்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் அவரைப் படுக்கவைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் எங்கள் இரண்டு பேர் வாயிலும் நுழையவில்லை. அங்கே டாக்டருக்கு உதவியாக இருந்த டிரேசர் தமிழர். அவர்தான் எடுத்துச் சொன்னார்: ரத்தத்தில் வெள்ளை அணு என்று ஒன்று இருக்கிறதாம், அது அளவோடு இருக்க வேண்டுமாம், இவருக்குக் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டதாம். வயிற்றில் வீங்கியிருப்பது மண்ணீரலாம்.

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாரே ஒரு சிரிப்பு! "பாத்தியா புள்ள, வெள்ளைக்காரன் நாட்ட விட்டுப் போறேன்னு சொல்லிட்டு நேரா என் ரத்தத்துல வந்து குடியேறிட்டான்."

டிரேசரும் சிரித்தார். டாக்டர் என்னவென்று கேட்க, அதை அவருக்கு வேறு மொழிபெயர்த்தார் அந்த டிரேசர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பிறகு டிரேசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மருந்து அறைக்கு வெளியே நிறுத்தி, மெதுவாகத்தான் சொன்னார். "இங்க பாருங்கம்மா, இதுக்குப் புதுசா மாத்திர வந்திருக்கு. சீமையிலேருந்து வருது. அது வியாதிய அடக்கி வைக்கும், வேரோட எடுக்காது. மாத்திர போட்டாருன்னா சில வருஷம் நடமாடுவாரு. போடலைன்னா ஒரு வருஷம் தாண்டுறதே கஷ்டம். அவருகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்கதான் பாத்துக் குடுக்கணும்."

நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியது மட்டும் நினைவிருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் அவர் பெச்சாக்காரரோடு பந்தாட்டத்தைப் பற்றி வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தார். இவர் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று தோன்றியது. "பேசினது போதும், ஏறுங்க" என்று கத்தினேன்.

அன்றைக்குத் தொடங்கியது எங்கள் மாத்திரைச் சண்டை. மாத்திரை அப்படி ஒன்றும் பெரிதில்லை. கொத்தமல்லி விதை அளவுதான், சின்னதாக வெள்ளையாக இருக்கும். அதை விழுங்குவதற்கு அவர் படுத்திய பாடு இருக்கிறதே! வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். நான் அடுப்படிக்குத் திரும்பியதும் நாக்கடியிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார். கண்டுபிடித்ததும் வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டுவார், அதோடு நாக்கை வேறு நீட்டிப் பழிப்பார். நாற்பது வயது ஆள்!

"டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்பேன்.

"எப்பப் பாரு டாக்டர் சொன்னாரு, டாக்டர் சொன்னாரு. நீ அவருக்கே ஒரு காப்பி போட்டுக் குடேன்" என்பார்.

இருந்தாலும் மாத்திரை வேலை செய்தது. வயிறு இறங்கியது. கால்சட்டை ஏறியது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரே அவர் முதுகில் தட்டினார். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அவருடைய தோல் கறுக்கத் தொடங்கியது. மாநிறமாக இருந்தவர் மாசத்துக்கு மாசம் கறுத்து, உள்ளங்கை ரேகைகூட மை தீட்டினதுபோல் ஆனது. மருந்து அப்படித்தான் செய்யும் என்று டிரேசர் சொல்லிவிட்டார். ஊர் கேட்குமா? ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில் துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று எங்கே நுழைந்தாலும் ஒரே கேள்விதான். "என்னண்ணே, இப்படிக் கறுத்துப் போயிட்டீங்க? என்ன ஒடம்புக்கு?"

என்ன உடம்புக்கு என்று சொல்வது? அந்த வியாதிக்குத் தமிழில் பெயர் இல்லை, மலாயிலும் இல்லை. ரத்தத்தில் கோளாறு என்றால் ரத்தம் இல்லையாக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். வேறு ஏதாவது சொன்னால் ஒட்டுமோ என்று பயந்து, மிச்சச் சில்லறையை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன். அவரும் பார்த்தார். வெளியே வந்ததும், "கறுப்புச் சட்டைக்கு இனிமே செலவு மிச்சம்" என்றார்.

கறுப்புச் சட்டை என்றால், அவர் சீர்திருத்தக்காரர். கூட்டங்களுக்குப் போவார், சாமி இல்லை பூதம் இல்லை என்று மேசையைத் தட்டிப் பேசுவார். வெள்ளிக்கிழமை நான் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால், "என்ன சொன்னா உங்காத்தா? சொகமா இருக்காளா?" என்று கேட்பார். விபூதித் தட்டைக் கண்டால் தும்முவார், வேண்டுமென்றே. நானும் தட்டை அவர் மூக்குக்கு நேராகவே வைப்பேன்.

என் நாத்தனார் ஒருத்தி செமாபோக்கில் இருந்தாள். அவருக்கு மூத்தவள். ரத்தத்தில் வியாதி என்று கேள்விப்பட்ட நாள் முதல் ஆட்டு ஈரலும் பீட்ரூட்டும் முருங்கைக்கீரையுமாகச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாள்.

"ரத்தம் ஊறணும்மா, ரத்தம். நீ ஒழுங்கா ஈரல் செஞ்சு குடுத்திருந்தா எந்தம்பி இப்படி ஆவானா?"

"அண்ணி, ரத்தம் கொறஞ்சதில்ல அவருக்கு வியாதி. வெள்ளை அணு அதிகமாயிடுச்சு."

"அப்ப செவப்ப ஏத்துனா வெள்ள எறங்கும்தானே?"

அவரோ அக்காவுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணடிப்பார். அவள் போனதும் அந்த ஈரலைப் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாளுக்குக் கொடுத்துவிடுவேன்.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் முதல் வீடு அவர்களுடையது. மலாய்க்காரப் பெண்கள்போல் கபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, கொண்டையில் ஊசி குத்தியிருப்பார். நெற்றியில் விபூதி இருக்கும். வாயைத் திறந்தால் மலாய். எத்தனையோ தலைமுறையாக அவர்கள் பேச்சு அதுதான். நடுவில் சாமி, பூஜை என்று ஒன்றிரண்டு தமிழ் வார்த்தை விழும். அவர்களுக்கும் மாரியம்மன்தான். அம்மை நோயைத் தருகிறவளும் எடுக்கிறவளும் அவள் என்பதால், அவளை டத்தோ சாச்சார், அம்மைச் சாமி, என்று பெயர் சொல்லித் திருவிழா எடுப்பார்கள். என் வீட்டுக்காரர் அதையும் கிண்டல் பண்ணாமல் விட்டதில்லை. அந்த அம்மாள் காது கேட்கவே, "மலாய் படிச்ச மாரியம்மன்" என்பார். அவருக்கு அது புரியாது, இவரைப் பார்த்துச் சிரிப்பார். நான்தான் வெட்கப்பட்டுப் போவேன்.

அந்த அம்மாளின் பேரப்பிள்ளைகளுக்கு நீர்க்கொப்புளான் போட்டது. வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினார்கள். நான் இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "டாக்டர் சொன்னது நெனப்பிருக்கா? மாத்திர போடுற ஒடம்பு. எதையும் தாங்காது. அந்தப் பக்கம் போயிராதீங்க."

சரி சரி என்று தலையை ஆட்டினார். நான் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், வேலியோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பிள்ளைகளுக்குப் புலி வேட்டைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் வாழ்நாளில் புலியைப் பார்த்ததே கிடையாது. பிள்ளைகள் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வேலியில் தொங்கிக்கொண்டு கேட்கின்றன. "பாவம்லா, வெளிய போக முடியாம கெடக்குதுங்க" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அவருக்குக் காய்ச்சல். மறுநாள் காலையில் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கறுத்த மார்பில் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கிறது. ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாகப் போய் நின்று, "இதப் போட்டுட்டுக் கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாத்திர வேணாம். ஆத்தா வந்திருக்கா. வாசல்ல வேப்பிலை கட்டு" என்றார்.

கிண்டல் என்றுதான் நினைத்தேன். "வெளயாடுற நேரமாங்க இது?"

"வெளையாடல. ஆத்தா வந்த வீட்டுல மருந்து எடுக்கக் கூடாது. தெரியாதா ஒனக்கு? கோயிலுக்குப் போறவ நீதானே?"

எனக்குத் தெரியாதா? அம்மை வந்தால் அது நோயில்லை, அம்மாவே வந்து உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்பதும், அவள் இருக்கிறவரை மருந்தும் டாக்டரும் அவளை விரட்டுவதுபோல் ஆகும் என்பதும் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் எனக்குப் போட்டபோது வேப்பிலையில் படுக்கவைத்துத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் சாமியே இல்லை என்று மேசையைத் தட்டினவர் இதைச் சொல்கிறார், சாமி கும்பிடுகிற நான் மாத்திரையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்! யாரிடம் போய் இந்த வயிற்றெரிச்சலைச் சொல்வது?

சத்தம் கேட்டு வேலிப் பக்கமிருந்து செட்டி அம்மாள் வந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரரை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் சாமி மாதிரியே கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினார்.

நான் வெடித்துவிட்டேன். "மனுஷனா நீங்க? உயிரோட வெளையாடுறீங்களே..."

செட்டி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜாங்ஙான் மாரா, அடேக். நந்தி டத்தோ மாரா." கோபப்படாதே தங்கச்சி, டத்தோவுக்குக் கோபம் வந்துவிடும் என்கிறார். அம்மை போட்டவரைத் திட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, கேட்டதைக் கொடுக்க வேண்டும். எங்கள் வழக்கமும் அதுதான். ஏனென்றால் அப்போது அவரைத் திட்டினால் அம்மாவைத் திட்டினதாகும்.

என் வீட்டுக்காரருக்கு மலாய் நன்றாகவே புரியும். பாயில் படுத்தபடியே, "கேட்டுக்கிட்டியா? ஆத்தாவத் திட்டாத" என்றார்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் இவரோடு பேசிய பாஷையே திட்டுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் என்னதான் செய்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டு போய் வேப்பிலை கட்டினேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால் வயிறு மறுபடி வீங்கும், வெள்ளை அணு ஏறும். நிறுத்தாமல் ஏமாற்றிக் கொடுக்கலாம் என்றால், கூழில் கரைத்தால் ஆயிற்று, அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் ஆத்தாவை ஏமாற்றுவதா? அவளுக்குக் கோபம் வந்து இவரைக் கொண்டுபோய்விட்டால்? சாமிக்குப் பயந்தால் வியாதி கொல்லும், வியாதிக்குப் பயந்தால் சாமி கொல்லும். செட்டி அம்மாளை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, டாக்டரையே கேட்டுவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மை வீட்டிலிருந்து வந்தவள் என்பதால் உள்ளே போகாமல் வெளியே வராந்தாவிலேயே நின்று டிரேசரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போனார். டாக்டரே எழுந்து வெளியே வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் போனது.

டாக்டர் படபடவென்று பேசினார். டிரேசர் தமிழில் சொன்னார். "மாத்திரைய ஒடனே நிறுத்தணுமாம். இந்த நேரத்துல குடுத்தா ஒடம்புல எதிர்த்து நிக்கச் சக்தியே இருக்காது. அம்மை முழுசா எறங்கி, ரத்தம் பாத்தப்புறம்தான் திரும்பவும் மாத்திர. மூச்சு வாங்குனாலோ, கொப்புளத்துல ரத்தம் கட்டுனாலோ ஒடனே தூக்கிட்டு வாங்க. இது சாதாரண ஆளுக்கு வர்ற மாதிரி இல்லம்மா. இவருக்கு ஆபத்து. யாரையும் கிட்ட விடாதீங்க."

மாத்திரை கூடாது, யாரும் கிட்டப் போகக் கூடாது. இதற்காகவா அவ்வளவு தூரம் நடந்தேன்? வீடு திரும்புகிற வழியெல்லாம் ஒரே யோசனை, இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று. சொல்லாமலும் இருக்க முடியாது, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"மாத்திர வேணாமாம்" என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்தக் காய்ச்சலிலும் உடம்பு குலுங்கச் சிரித்தார். "பாத்தியா? ஆத்தாளும் டாக்டரும் ஒரே கட்சி. நீதான் எதிர்க்கட்சி!"

திட்ட முடியாதே! அடுப்படிக்குப் போய் ஒரு சட்டியை ஓங்கி வைத்தேன். செட்டி அம்மாள் அங்கிருந்தே, "சாபார்லா" என்றார். பொறுமையாக இருக்க வேண்டுமாம்.

அதற்கடுத்த நாட்களில் சிரிப்பெல்லாம் போய்விட்டது. கொப்புளம் இல்லாத இடமே இல்லை. கண் இமையில், வாய்க்குள், தலைமுடிக்கு அடியில்கூட. காய்ச்சல் இறங்கவே இல்லை. வாழை இலைமேல் வேப்பிலையைப் பரப்பிப் படுக்கவைத்தோம். வீட்டில் தாளிப்பதில்லை, எண்ணெய் காய்ச்சுவதில்லை. இளநீரும் மோரும் கூழும் மட்டும்தான். நாத்தனார் வந்தாள். வேப்பிலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஈரல் இல்லாமல் மஞ்சளும் இளநீரும் வைத்துவிட்டுப் போனாள். அதிசயமாக ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. துணிக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், அவரோடு பஸ் ஓட்டுகிறவர்கள் என்று யார் யாரோ இளநீர் கொடுத்தனுப்பினார்கள். யாரும் என்ன வியாதி என்று கேட்கவில்லை. சின்ன வயதிலேயே அம்மை கண்டவர் என்பதால் செட்டி அம்மாளை மட்டும் கிட்ட விட்டேன்; காலையில் வந்தால் பொழுது சாயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலைக் கொத்தால் விசிறுவார், ஆத்தாவிடம் மலாயில் முணுமுணுவென்று பேசிக்கொண்டே இருப்பார். இறங்கிப் போ தாயே, இந்தப் பிள்ளை அறியாப்பிள்ளை, கோபம் வைக்காதே என்றெல்லாம் சொல்வார்.

நான் அவர் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மார்பு ஏறி இறங்குகிறதா, வேகமாக ஏறுகிறதா, அவ்வளவுதான் எனக்கு வேலை. பயம் என்றால் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை. சப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலத்தில்கூட இல்லை.

ஒரு மத்தியானம் காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. செட்டி அம்மாள் சாப்பிடப் போயிருந்தார். நான் இளநீரைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். திட்டக் கூடாது என்பதால் மெதுவாகத்தான் கேட்டேன். "நெஜமாவே ஆத்தான்னு நம்புறீங்களா?"

"இல்ல" என்றார்.

"அப்புறம் எதுக்கு இவ்வளவு கூத்து?"

"ஏ புள்ள, இது எல்லாருக்கும் வர்றது. ஆத்தா வந்திருக்கான்னா எல்லாருக்கும் புரியுது. வேப்பிலை கட்டணும், எளநீ குடுக்கணும், தண்ணி ஊத்தணும், எறங்கிரும். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரியுது, அக்காவுக்குத் தெரியுது, கடைக்காரனுக்குத் தெரியுது. அந்த இன்னொண்ணு இருக்கே, அது யாருக்குமே தெரியல. எனக்கே அது பேர் சொல்ல வரல. கொஞ்ச நாளைக்கு ஊர்ல எல்லாருக்கும் வர்ற வியாதிக்காரனா இருந்துட்டுப் போறேனே."

இளநீர்க் கரண்டியை அவர் வாயில் வைத்தேன். பாதி அவர் கழுத்தில் வழிந்தது.

அம்மை இறங்கியது. எப்படி இறங்கியது என்று டாக்டருக்கே ஆச்சரியம். கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியது. செட்டி அம்மாள் வெயிலில் அண்டாவை வைத்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் காயவைத்தார். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று நாள் விட்டு நாள் ஊற்றினோம். கடைசித் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு அவர் முற்றத்தில் ஸ்டூல்மேல் ஒட்டிப்போன கன்னத்தோடு, கறுப்பாக, உடம்பெல்லாம் தழும்பாக உட்கார்ந்திருந்தார். நாத்தனார் கோயிலில் கூழ் ஊற்றினாள். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனார்கள். அவர்களைப் பொறுத்தவரை வியாதி முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணு மறுபடி ஏறத் தொடங்கியிருக்கிறது, உடனே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். புதுசாக மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். மாத்திரையை எடுத்து நீட்டினேன்.

"போதும் புள்ள" என்றார்.

"என்ன போதும்?"

"இது போதும்னு சொல்றேன். போட்டா மட்டும் போயிருமா? டிரேசர் ஒங்கிட்டத் தனியாச் சொன்னது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ வெளிய வந்த மூஞ்சப் பாத்தப்பவே தெரியும். கொஞ்ச நாள் இழுத்துக்கிட்டுக் கெடக்கும், அவ்வளவுதானே? இன்னும் கறுத்து, இன்னும் மெலிஞ்சு, கடை கடையாப் போயிக் கேள்வி கேட்டுக்கிட்டு. வேணாம். விட்டுரு."

"டாக்டர் சொல்லியிருக்காருங்க."

"டாக்டருக்கு வேற நோயாளி இருக்கான்."

"ஒங்கக்கா அழுவாங்க."

"அக்காவுக்குப் பையன் இருக்கான்."

"பஸ் கம்பெனியில எடத்தப் புடிச்சு வெச்சிருக்காங்களே..."

"அதுல வேற டிரைவர் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கான். எல்லாத்துக்கும் ஆள் இருக்கு புள்ள. யாருக்கு நான் இதப் போடணும்? சொல்லு பாப்போம், யாருக்கு?"

"எனக்கு!"

வேலிக்கு அந்தப் பக்கம் சட்டி கழுவுகிற சத்தம் நின்றுபோனது. அப்படிக் கத்தியிருக்கிறேன்.

"எனக்குய்யா! எனக்கு வேணும். கரிக்கட்டையாக் கெடந்தாலும் எனக்கு நீங்க வேணும். நாக்க நீட்டிக்கிட்டு, புலிக் கத சொல்லிக்கிட்டு, என் உசுர வாங்கிக்கிட்டு இந்த வீட்டுல கெடக்கணும். கொஞ்ச நாளுன்னா அந்தக் கொஞ்ச நாளும் எனக்கு வேணும். டாக்டருக்கு வேணாம், ஒங்கக்காவுக்கு வேணாம், ஆத்தாவுக்கு வேணாம். எனக்குக் குடுங்க."

இத்தனை வருஷத்தில் இந்தப் பேச்சை நான் அவரிடம் பேசியதே இல்லை. பேசிய பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்குக் கொட்டுகிறது, துடைக்கவும் தோன்றவில்லை.

அவர் கையை நீட்டினார். மாத்திரையை வைத்தேன். உள்ளங்கையில் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி!" என்று கத்தினேன். "பின்னாடி, பின்னாடி, எத்தன தடவதான் சொல்றது!"

அதற்கப்புறம் ஒன்றரை வருஷத்துக்கு மேலேயே அவர் எனக்கு இருந்தார். அதில் ஒரு நாள்கூட, நான் கேட்காமல் அந்த மாத்திரையை அவர் தானாக எடுத்துப் போட்டுக்கொண்டதே இல்லை.